கல்லீரலைத் தழும்பாக்கும் ‘விண்மீன் செல்கள்’: தடுப்பு தொடங்க வேண்டியது கிராமத்தில்

திருவனந்தபுரம்: கல்லீரலில் வைட்டமின் ஏ-வைச் சேமித்து வைக்கும் செல்களே, அந்த உறுப்பு தொடர்ந்து பாதிக்கப்படும்போது அதைத் தழும்பாக்கும் செல்களாக மாறுகின்றன. இவற்றை நேரடியாகத் தடுக்கும் மருந்து எதற்கும் இதுவரை ஒப்புதல் கிடைக்காத நிலையில், காரோடு போன்ற எல்லையோரக் கிராமங்களில் நடைபெறும் ஆரம்பநிலைப் பரிசோதனையே முக்கியத்துவம் பெறுகிறது.

‘விண்மீன் செல்கள்’ எனப்படும் இவற்றை 1876-இல் ஜெர்மன் உடற்கூறியலாளர் கார்ல் வான் குப்ஃபர் முதலில் விவரித்தார். கொழுப்பு, மது, ஹெபடைடிஸ் வைரஸ் என எது தாக்கினாலும், காயமடைந்த பகுதியிலிருந்து வரும் வேதிச் சமிக்ஞைகள் இவற்றைத் தூண்டிவிடுகின்றன. உடனே அவை வைட்டமின் இருப்பை இழந்து, பெருகி, கொலாஜன் நார்களை உருவாக்குகின்றன. பாதிப்பு நீங்கினால் நார்களும் படிப்படியாகக் கரையும். நீடித்தால் ஃபைப்ரோசிஸ் முற்றி சிரோசிஸ் ஆகிறது. வயிற்றில் நீர் கோத்து நோய் வெளியே தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

கொழுப்புக் கல்லீரல் நோயால் ஏற்படும் தழும்புக்காக 2024 மார்ச்சில் அமெரிக்கா அனுமதித்த ரெஸ்மெட்டிரோம், கல்லீரல் கொழுப்பைக் குறைப்பதன் வழியாகவே செயல்படுகிறது. அதன் முக்கிய ஆய்வில் சுமார் 25 சதவீதத்தினருக்குத் தழும்பு குறைந்தது. மருந்தற்ற மாத்திரை பெற்றவர்களிலும் 14 சதவீதத்தினருக்குக் குறைந்தது. பெரிதாகப் பேசப்பட்ட மருந்துக்கு இது அடக்கமான வெற்றிதான்.

கேரளத்தில் இந்தக் கவலைக்குக் காரணம் உண்டு. 2023-இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, மாநிலத்தில் நீரிழிவு பாதிப்பு 25.5 சதவீதம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் கொழுப்புக் கல்லீரல் அபாயமும் அதிகம். மத்திய அரசு 2021 பிப்ரவரியிலேயே இந்நோயைத் தேசியத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது.

கழக்கூட்டம் புறவழிச்சாலை முடிவடையும் காரோட்டிலிருந்து பாறசாலை தாலுகா மருத்துவமனையும் நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையும் தொலைவில் இல்லை. வயது, இரு கல்லீரல் நொதிகள், பிளேட்லெட் எண்ணிக்கை ஆகிய நான்கைக் கொண்டு கணக்கிடும் ‘ஃபிப்-4’ மதிப்பெண்ணுக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுக்க வருவோருக்கு அதே நாளில் இதையும் செய்துவிடலாம். மதிப்பெண் 1.3-க்கு மேல் இருப்பவர்களை மட்டும் அடுத்தகட்டப் பரிசோதனைக்கு அனுப்பினால் போதும்.

கண்டறிந்தபின் செய்ய வேண்டியதுதான் கடினம். 2015-இல் வெளியான கியூபா ஆய்வில், உடல் எடையை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்குத் தழும்பு பின்வாங்கியது. ஆனால், பங்கேற்ற 293 பேரில் அந்த அளவு எடை குறைத்தவர்கள் பத்தில் ஒருவரே.