டெலீட் கீயை அழுத்தும் முன் சம்பளக் கணக்கைப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சீக்கிரமே பழகிக் கொள்ளும் கீ, டெலீட். தெரியாமல் ஒரு பைலை அழித்துவிட்டாலும் கவலை இல்லை. ரீசைக்கிள் பின்னைத் திறந்து மீட்டுக் கொள்ளலாம். இதே பழக்கத்தோடு சம்பளக் கணக்கு சாப்ட்வேர் முன் உட்காரும்போதுதான் சிக்கல் வருகிறது. அங்கே நீக்கிய பதிவு ரீசைக்கிள் பின்னுக்கு வராது.

எனக்குச் சொந்த ஊர் உளுந்தூர்பேட்டை. சென்னையில் சாப்ட்வேர் வேலை. சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, கம்ப்யூட்டர் தெரிந்த பையன் என்ற ஒரே காரணத்திற்காக ஒரு அரிசி ஆலைக்கு அழைத்துச் சென்றார்கள். (பிரிண்டர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் போன் வரும்.) அங்கே டேலியில் ஒரே தொழிலாளி இரண்டு முறை பதிவாகியிருந்தார். ஒரு பதிவில் இனிஷியல் முன்னால். இன்னொன்றில் அப்பா பெயர் பின்னால். நான்கு மாதச் சம்பளம் ஒரு பெயரில், அடுத்த இரண்டு மாதம் இன்னொரு பெயரில்.

கணக்கு எழுதும் அக்கா இரண்டாவது பெயரை ஆல்ட்+டி அழுத்தி நீக்கப் பார்த்திருக்கிறார். சம்பள வவுச்சர் இருக்கும் பெயரை டேலி அழிக்க விடாது. உடனே யாரோ, "முதலில் வவுச்சரை எல்லாம் அழித்துவிடுங்கள், பெயர் தானாகப் போய்விடும்" என்று யோசனை சொல்லியிருக்கிறார். போகும்தான். கூடவே அந்த மனிதர் இரண்டு மாதம் மூட்டை தூக்கிய கணக்கும் போய்விடும்!

தவறான பெயரில் எதுவுமே பதிவாகவில்லை என்றால் தாராளமாக அழியுங்கள். ஒரு நாள் சம்பளம் ஏறியிருந்தாலும் அழிக்கக் கூடாது என்பது என் கருத்து. முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு அந்த வவுச்சர்களைத் திறந்து, சரியான பெயருக்கு மாற்றி சேவ் செய்திடுங்கள். காலியாக நிற்கும் பெயரை அதன் பின் டேலியே அழிக்க விடும். ஆலையில் அப்படித்தான் செய்தோம். ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பும் இதே வழியில்தான் போகிறது. 2014 அக்டோபரில் யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் வந்தது. ஒருவருக்கு ஒரே எண் என்பது திட்டம். வேலை மாறியவர்கள் பழைய எண்ணைச் சொல்லாமல் விட, புதிய நிறுவனம் இன்னொன்றை உருவாக்க, பலருக்கு இரண்டு எண்கள் சேர்ந்துவிட்டன. பழைய எண்ணை யாரும் அப்படியே தூக்கி எறிவதில்லை. அதில் உள்ள பணமும் பணிக்காலமும் புதிய எண்ணுக்கு மாறிய பிறகே பழையது முடக்கப்படுகிறது. மாதப் பென்ஷன் பெற 10 ஆண்டு பணிக்காலம் வேண்டும். ஆறு ஆண்டு ஒரு எண்ணிலும் ஐந்து ஆண்டு இன்னொன்றிலும் சேராமல் கிடந்தால், தகுதி இருந்தும் அலைய வேண்டியதுதான்.

இதில் கணக்கு எழுதுபவர்களைத் திட்டுவது நியாயமில்லை. குற்றம் எங்களைப் போல சாப்ட்வேர் எழுதுபவர்கள் மீதுதான். குடும்பப் பெயர் வைத்துக் கொள்ளாத ஊரில் ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு பெட்டி கொடுத்தால், ஆளாளுக்கு ஒரு மாதிரிதான் நிரப்புவார்கள். வேலையை விட்டார், ஓய்வு பெற்றார் என்று குறிக்க இடம் வைக்கிறோம். "இந்தப் பதிவே தவறு" என்று குறிக்கத்தான் பல சாப்ட்வேர்களில் இடமில்லை. கம்பெனிகளின் கணக்கு சாப்ட்வேரில், செய்த மாற்றங்களும் அவற்றின் தேதியும் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சம்பளப் பட்டியலுக்கு அந்த அக்கறையை நாங்களாகவே காட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது அக்காவிடம் ஒன்று சொன்னேன். எல்லோருடைய பேங்க் அக்கவுண்ட் எண்ணையும் ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு வையுங்கள். புதிய ஆளைச் சேர்க்கும் முன் கண்ட்ரோல்+எப் அழுத்தி அந்த எண்ணைத் தேடுங்கள், பெயரைத் தேடாதீர்கள். "அக்கவுண்டே இல்லாமல் வருகிறவர்களுக்கு?" என்று கேட்டார். ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.