கல்லில் எழுதியதும் மணலில் எழுதியதும்

சங்கீத ரஸிகர்களுக்குள் சண்டை மூட்டுவதற்கு அதிகச் செலவு ஆகாது. "இந்தப் பாட்டின் அசல் மெட்டு எது?" என்று ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு நாம் ஒதுங்கி உட்கார்ந்தால் போதும். காப்பி ஆறிப்போகும், வாதம் மட்டும் ஆறாது. இந்த வழக்கில் பேசுவதற்குப் புதுக்கோட்டைச் சீமைக்காரர்களான நமக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. சங்கீதத்தைக் கல்லிலே எழுதிய இடமும் நம்முடையது. மணலிலே எழுதிய மகானுடைய அடி பட்ட இடமும் நம்முடையது.

கல்லில் எழுதியது குடுமியான்மலையில் இருக்கிறது. சுமார் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாஸனத்தில் ஏழு ராகங்களுக்குரிய ஸ்வர வரிசைகள் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. ருத்ராசாரியரின் சீடரான ஓர் அரசர், மாணாக்கர்களின் நன்மைக்காக இதைச் செய்வித்தார் என்று சாஸனமே சொல்கிறது. எழுத்து இன்றும் அழியவில்லை. ஆனால் அது அன்று எப்படி ஒலித்தது என்பதைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதித்துக் கொண்டுதான் இருக்கிறார்கள். பாடம் கல்லில் தங்கிவிட்டது. பாட்டு எங்கேயோ நழுவிவிட்டது.

மணலில் எழுதியவர் ஸதாசிவ பிரம்மேந்திரர். 1738-ஆம் வருஷத்தில், திருவரங்குளம் காட்டில் திரிந்துகொண்டிருந்த அந்த மௌனத் துறவியை விஜயரகுநாதத் தொண்டைமான் தரிசித்தார் என்றும், அவர் வாய் திறவாமல் மணலில் மந்திரத்தை எழுதி உபதேசித்தார் என்றும் புதுக்கோட்டை ஸமஸ்தான வரலாறு கூறும். அந்த மணலை அரசர் பக்தியுடன் அள்ளிவந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தாராம்.

பேச்சையே துறந்த அந்த மகான் பாட்டைத் துறக்கவில்லை. 'பரமஹம்ஸ' என்ற முத்திரையோடு அவர் செய்த ஸம்ஸ்கிருதக் கீர்த்தனங்கள் பஜனை மடங்களிலும் கச்சேரி மேடைகளிலும் இன்றும் ஒலிக்கின்றன. ஆனால் ஸ்வரம் போட்ட ஏடு எதையும் அவர் நமக்கு வைத்துவிட்டுப் போகவில்லை. கேட்டவர் பாடினார், பாடினவரிடம் இன்னொருவர் கேட்டார். ஆகையால் 'பிபரே ராமரஸம்' ஒருவர் வாயில் யமுனா கல்யாணியாகவும், மற்றொருவர் வாயில் ஆஹிர் பைரவியாகவும் வருகிறது. 'மானஸ ஸஞ்சரரே' மட்டும் ஸாமா ராகத்தில் நிலையாக வீற்றிருக்கிறது. கச்சேரிகளில் உலவிவந்த அந்தக் கீர்த்தனம், 1980-ல் வெளிவந்த 'சங்கராபரணம்' என்ற தெலுங்குப் படத்தில் கே. வி. மஹாதேவனின் இசையமைப்பில், எஸ். பி. பாலசுப்ரஹ்மண்யம், வாணி ஜெயராம் ஆகியோரின் குரல்களில் புகுந்து, சங்கீதமே அறியாத வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது. பாஷை தெரியாத தமிழ் ஜனங்களும் அந்தப் படத்தைக் கூட்டங் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. சென்ற நவராத்திரியின்போது ஒரு பள்ளிக்கூடப் பாட்டுப் போட்டியில் ஒரு சிறுமி 'பிபரே ராமரஸ'த்தைத் தன் பாட்டியிடம் கற்ற யமுனா கல்யாணியில் பாடினாள். சுருதி பிசகவில்லை, உச்சரிப்பும் சுத்தம். ஆயினும், "மெட்டுத் தவறு" என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இசைத்தட்டில் அப்படி இல்லையாம்! பாடியவர் ஒருவருடைய மெட்டு, இயற்றியவருடைய கட்டளையாக மாறிவிடும் விந்தையை என்னவென்று சொல்வது?

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பாடலாமா?" என்று நேயர்கள் கேட்கலாம். பாரதியாரைப் பார்ப்போம். 1917-ல் வெளிவந்த 'கண்ணன் பாட்டு' நூலிலுள்ள 'சின்னஞ்சிறு கிளியே' என்ற பாட்டுக்குப் பைரவி ராகம், ரூபக தாளம் என்று கவியே குறித்திருக்கிறார். இன்றோ நாம் அதைக் காபியில் தொடங்கும் ராகமாலிகையாகத்தான் அறிவோம். 1951-ல் வந்த 'மணமகள்' படத்தில், ஸி. ஆர். சுப்பராமன் இசையில் எம். எல். வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடிய பிறகு பைரவி எங்கேயோ மறைந்துவிட்டது. பாரதி பாடல்களின் உரிமை தனியார் கையில் இருந்த காலத்தில் அவற்றைப் படத்தில் பாடுவதற்கே தடை எழுந்ததுண்டு. 1949-ல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை ஏற்று, பிறகு நாட்டுக்கே பொதுவாக்கியது. பலர் பலவிதமாய்ப் பாட அதனால் வழி பிறந்தது. அது நல்லதே. ஆனால் கவி குறித்த ராகம் இன்னதென்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது நம் கடமை.

அமெரிக்காவில் நீக்ரோ மக்கள் துயரத்தில் பிறப்பித்த 'ப்ளூஸ்' என்ற பாட்டு வகையிலும் இதே கதைதான். டபிள்யூ. ஸி. ஹாண்டி என்பவர் 1914-ல் 'ஸெயிண்ட் லூயி ப்ளூஸ்' பாட்டை ஸ்வரப்படுத்தி அச்சிட்டார். 1925-ல் பெஸ்ஸி ஸ்மித் பாட, லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் ஊத, அதே பாட்டு வேறோர் உயிர் பெற்றது. அச்சுப் பிரதி இருந்ததால் பெஸ்ஸியின் பாட்டைத் தவறென்று தள்ளியவர் உண்டா? மூலமும் இருக்கிறது, மாறுதலும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு அந்நாட்டார் ரஸிக்கிறார்கள்.

நமக்கும் அதுவே வழி என்று தோன்றுகிறது. இயற்றியவர் ராகத்தைக் குறித்திருந்தால் அதை மறைக்கக்கூடாது. குறிக்காமல் விட்டிருந்தால், "இதுதான் அசல்" என்று ஒருவரும் முத்திரை குத்தக்கூடாது. சொல்லும் பொருளும் சிதையாமல் காப்பதே முக்கியம்.

இப்போது அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. பிரபலமான ஒரு மெட்டு வீட்டு மெட்டுகளையெல்லாம் விழுங்கி வருகிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் தாலாட்டாகவோ பஜனையாகவோ வேறு மெட்டில் பாடும் பாட்டு ஏதேனும் இருந்தால், அடுத்த பண்டிகைவரை காத்திராதீர்கள். கையிலுள்ள செல்பேசியிலேயே பதிவு செய்து, பாடியவர் யார், அவர் யாரிடம் கற்றார், எந்த ஊர் என்பதையும் எழுதி வையுங்கள். பிறகு குழந்தைகளை உட்காரவைத்து, பெரியவர் வாயாலேயே அதைப் பாடம் பண்ணச் சொல்லுங்கள்.