மலிவு மருந்து யாருக்கு லாபம்?

ஆண்டுதோறும் அசுவினிக்கு மருந்தடித்துக் களைத்த கலிஃபோர்னிய வால்நட் விவசாயிகளுக்குக் கைகொடுத்தது ஒரு குளவி. பெயர் டிரையாக்சிஸ் பாலிடஸ், கொசுவைவிடச் சிறியது. 1959-இல் பிரான்ஸிலிருந்து கொண்டுவந்து விட்டபோது கடலோரத்தில் பிழைத்துக்கொண்டது, மத்தியப் பள்ளத்தாக்கின் வெக்கையில் தாக்குப்பிடிக்கவில்லை. பெர்க்லி பல்கலைக்கழகப் பூச்சியியலாளர் ராபர்ட் வான் டென் பாஷ் விடுவதாயில்லை. அவர் முயற்சியில், வெயிலுக்குப் பழகிய அதே இனக் குளவி 1968-இல் ஈரானிலிருந்து வந்தது. சில ஆண்டுகளிலேயே பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியது. சம்பளம் கேட்காத வேலையாள்!

இலையின் அடிப்புறத்தைத் திருப்பினால் அதன் கைவரிசை தெரியும். வெளிர்மஞ்சள் அசுவினிகளுக்கு நடுவே சில மட்டும் ஊதி, பழுப்பேறி, அசையாமல் ஒட்டிக் கிடக்கும். குளவி உள்ளே வைத்த முட்டையிலிருந்து வந்த புழு தின்று தீர்த்த கூடுகள் அவை. கூட்டில் வட்டமாக ஓட்டை இருந்தால் புதுக் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். மருந்தடிக்குமுன் அசுவினியை எண்ணினால் மட்டும் போதாது, இந்தக் கூடுகளையும் எண்ண வேண்டும்.

அந்தப் பொறுமைக்குத்தான் சோதனை வந்தது. 2022-இல் வால்நட் விலை அதலபாதாளத்துக்குப் போனது. பலர் மரங்களையே பிடுங்கிவிட்டார்கள். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்தின் தெளிப்பும் 2020 இறுதியோடு அங்கே நின்றுபோனது. கையைக் கடிக்காத விலையில் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து கிடைக்கும்போது யாருக்குத்தான் மனம் போகாது? ஆனால் காயைக் கெடுக்கும் காட்லிங் அந்துப்பூச்சியைக் குறிவைத்து அடிக்கும் அந்த மருந்து குளவியையும், சிலந்திப்பேனைத் தின்னும் பூச்சிகளையும் சேர்த்தே ஒழிக்கும். பிறகு அசுவினிக்கு ஒன்று, சிலந்திப்பேனுக்கு ஒன்று என்று மருந்துப் பட்டியல் நீளும். கடைக்காரருக்கு இதில் நஷ்டமில்லை.

மாற்று இல்லாமலில்லை. காட்லிங் புழு துளைத்த காயில்தான் நேவல் ஆரஞ்சுப் புழு என்ற இன்னொரு பூச்சி சுலபமாகக் குடியேறும். எனவே முன்னதை அடக்கினால் பின்னதும் குறையும். பெண் அந்துப்பூச்சியின் இனக்கவர்ச்சி வாசனையைத் தோப்பெங்கும் பரப்பிவிட்டால், ஆண் பூச்சிகள் இணையைக் கண்டுபிடிக்க முடியாமல் அலையும். குளவிக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. பச்சைத் தோலைக் கெடுக்கும் ஈக்கும் தோப்பு முழுவதையும் நனைக்க வேண்டியதில்லை, இரை கலந்த மருந்து போதும்.

சிறு தோப்பில்தான் வாசனை முறை தடுமாறுகிறது. பக்கத்துத் தோப்பில் இணைசேர்ந்த பெண் பூச்சி பறந்துவந்து இங்கே முட்டை வைத்துவிடும். கட்டுப்படியாகாமல் அறுவடையின்றிக் கைவிட்ட தோப்பு அருகில் இருந்தாலோ கேட்கவே வேண்டாம். தனி விவசாயிக்குப் புத்திமதி சொல்லி இதைத் தீர்க்க முடியாது. அடுத்தடுத்த தோப்புக்காரர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால் கிடைக்கும்படி அரசு உதவியை மாற்ற வேண்டும். கைவிட்ட தோப்புகளை அகற்றும் செலவும் அதில் அடங்க வேண்டும். விலை ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது செல்லாத வாதம். மலிவு மருந்தை நோக்கிக் கை நீள்வதே விலை விழுந்த ஆண்டுகளில்தான்.