மணிப்பிரவாளம்: கலப்பா, ஆக்கமா?

செஞ்சிக் கோட்டையை நாயக்கர், பீஜப்பூர்ச் சுல்தானியர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் அடுத்தடுத்து ஆண்டனர். கில்லேதார், தாசில்தார், ஜமாபந்தி முதலான சொற்கள் இத்தகைய ஆட்சிகளின் வழியே தமிழ் வழக்கில் புகுந்தன. அவற்றை எவரும் திட்டமிட்டுக் கலக்கவில்லை. ஆனால், செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூரில் தம் மடத்தைக் கொண்ட தமிழ்ச் சமணர் போற்றும் ஸ்ரீபுராணத்தின் மொழி வேறு வகையது. இரண்டையும் ‘கலப்பு’ என ஒருசேர ஒதுக்கும் போக்கு, தமிழ் உரைநடை வரலாற்றின் ஒரு பகுதியையே இழக்கச் செய்கிறது.

மணிப்பிரவாளம் விதிகளுக்கு உட்பட்டது. வடசொல் பகுதியாக நிற்க, உருபும் வினைமுற்றும் தொடரமைப்பும் தமிழாக அமைவதே சமண, வைணவ உரைநடையின் பொதுமரபு. கேரளத்து லீலாதிலகமோ வடமொழி வேற்றுமை ஈறுகளையே வேண்டுகிறது. ஒரே பெயருடைய நடைக்கு இருவேறு இலக்கணங்கள் வகுக்கப்பட்டமை, அது தெரிந்து செய்த ஆக்கம் என்பதற்குச் சான்று. 11ஆம் நூற்றாண்டு வீரசோழியமும் வடவெழுத்து விரவுவதை விரவியல் என்றும், வடசொல் விரவுவதை மணிப்பிரவாளம் என்றும் பிரித்தது.

செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில், ஏறத்தாழக் கி.பி. 6ஆம் நூற்றாண்டினதான கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்ததைக் கூறுகிறது. அங்கு வரும் அனசனம், நிசீதிகை ஆகிய சொற்கள் தமிழொலிக்கு இசைந்துவிட்டன. மணிப்பிரவாளம் அவ்வாறு இசைவிக்க மறுத்துக் கிரந்த எழுத்தை நாடியது. இயல்பான கடனாட்சிக்கும் ஆக்கத்துக்கும் உள்ள எல்லை இங்கே தெளிவாகிறது.

1887இல் சாமென்ஹோஃப் வெளியிட்ட எஸ்பெராண்டோ, ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் வேர்ச்சொற்களைப் 16 விதிகளுள் அடக்கியது. அதற்கு ஆக்கியோன் ஒருவர். மணிப்பிரவாளத்துக்கு அத்தகைய ஒருவர் இலர். எனவே இரண்டையும் ஒன்றெனல் மிகையாகும். எனினும், இருமொழிப் புலமையை வேண்டி நிற்கும் மணிப்பிரவாளம் அங்காடிப் பேச்சினும் எஸ்பெராண்டோவுக்கே அணிமையானது. (அதனைக் ‘கொச்சை’ எனல் எவ்வகையிலும் பொருந்தாது.)

பதிப்புப் பணியில்தான் இவ்வேறுபாடு உடனடிப் பயன் தருவது. கிரந்தத்தைத் தமிழெழுத்தாக மட்டும் மாற்றினால் வலிமையைக் குறிக்கும் சொல்லும் பயனைக் குறிக்கும் சொல்லும் ‘பலம்’ என்றே ஆகிவிடும். எழுத்து மாறும் இடமே பகுதியையும் உருபையும் பிரித்துக் காட்டும் குறி என்பதும் மறையும். படிப்போர் வசதிக்குத் தமிழெழுத்து வடிவம் தேவையே. ஆயினும் அது மூலத்தின் எதிர்ப்பக்கத்தில் இடம்பெற வேண்டுமேயன்றி, மூலத்தின் இடத்தைப் பறித்தல் ஆகாது. கிரந்தப் பயிற்சியை முதுகலைப் பாடத்தில் விருப்பப் பாடமாகவேனும் சேர்க்காத தமிழ்த்துறை, இச்சுவடிகளைப் பதிப்பிக்கும் தகுதியைத் தன் மாணவர்க்கு அளிக்க இயலாது.