வெயில் இருக்கு, கரண்ட் இல்லை!

தூத்துக்குடியில் சூரிய வெளிச்சத்துக்குத் தட்டுப்பாடு என்று யாராவது சொன்னால், திருநெல்வேலியில் அல்வா ஸ்டாக் இல்லை என்பது மாதிரிதான். உப்பளமே வெயிலை நம்பித்தான் ஓடுகிறது. ஆனாலும் இந்த ஊரில்தான் சோலார் பேனல் அதிகமாக மக்கர் பண்ணும். காரணம் வானத்தில் இல்லை, காற்றில்.

போன கோடையில் கரண்ட் கம்பி எட்டாத ஓர் உப்பளக் காவல் குடிசைக்குப் போயிருந்தேன். 100 வாட் பேனல், 12 வோல்ட் பேட்டரி, இரண்டு எல்.இ.டி. விளக்கு, ஒரு குட்டி ஃபேன். விடிய விடிய எரிந்த விளக்கு இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கே கண்ணை மூடுகிறது.

“கடையில கேட்டேன் சார். பேனல் போயிட்டு, புதுசு வாங்குங்கன்னுட்டாங்க. பத்து நாள் கூலில்லா போயிரும்!” என்றார் காவல்கார அண்ணாச்சி.

“இருங்க அண்ணாச்சி, முதல்ல நாடி பிடிச்சுப் பார்ப்போம்” என்று மல்டிமீட்டரை எடுத்தேன்.

முதல் கேள்வி: பேட்டரி நிரம்பிவிட்டதா? குடம் நிறைந்தால் குழாயை மூடுகிற மாதிரி, பேட்டரி நிறைந்தால் சார்ஜ் கன்ட்ரோலர் வரத்தைக் குறைத்துவிடும். அப்போது ஆம்பியர் குறைகிறதே என்று பேனலைத் திட்டுவது பாவம். இங்கே பேட்டரி அரை வயிறுகூட நிரம்பவில்லை. ஆக, குறை நிஜம்.

நடுப்பகலில் பேனலைத் தனியாகக் கழற்றி அளந்தேன். 20 வோல்ட். சாகவில்லை! ஆனால் ஷார்ட் சர்க்யூட் கரண்ட், பின்பக்க லேபிளில் 6 ஆம்பியர், மீட்டரில் 3.5. வோல்ட் சரி, ஆம்பியர் குறைவு என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்: வெளிச்சம் உள்ளே போகவில்லை.

கண்ணாடியைத் தடவினேன். உப்புப் படலம், அதன்மேல் நிலக்கரித் தூள், மூலையில் காக்கையின் கைங்கரியம். அந்த ஒரு மூலை போதும். உள்ளே 36 செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நம் ஆபீஸ் ஃபைல் மாதிரி. ஒரு மேஜைக்காரர் லீவு போட்டால் அந்த வரிசை முழுக்கத் தேங்கிவிடும்.

“துடைக்கிறதே இல்லையா?”

“தினமும் துடைக்கேனே! பாத்தித் தண்ணியிலதான்.”

உப்புத் தண்ணீரில் துடைத்தால், காய்ந்ததும் பேனல் மேலும் உப்பு விளையும்! அவரைச் சொல்லிக் குற்றமில்லை. குடிதண்ணீரே வீட்டிலிருந்து கேனில் வருகிறது. சுற்றிலும் தண்ணீர், கழுவத்தான் தண்ணீர் இல்லை.

வெயில் தாழ்ந்து கண்ணாடி ஆறியதும் ஒரே ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கழுவினோம். மறுநாள் அதே நேரத்தில் அளந்தால் 5.4 ஆம்பியர்.

இன்னொரு திருடன் ஒயரில் இருந்தான். கன்ட்ரோலர் முனையில் 13.6 வோல்ட், பேட்டரி முனையில் 12.8. நடுவில் பச்சை பூத்த ஓர் இணைப்பு 0.8 வோல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. பேனல் ஒயரை முதலில் கழற்றி, பிறகு பேட்டரியைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி முறுக்கி, வாசலின் தடவினோம். மாட்டும்போது வரிசை தலைகீழ்: பேட்டரி முதலில்.

மூன்றாவது, சூடு. வெயில் கூடினால் கரண்ட் கூடும் என்று நினைக்கிறோம். வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீத சக்தி போகும். 65 டிகிரியில் ஆறில் ஒரு பங்கு அவுட்! பேனலைக் கூரையோடு ஒட்டிக் கட்டாதீர்கள். அடியில் நாலு விரற்கடை காற்று புகட்டும்.

இத்தனையும் பார்த்த பிறகும் ராத்திரி விளக்கு அணைந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது என்று சந்தேகப்படலாம். பேனல் வாங்குவது கடைசி மருந்து.

உப்பு விளையும் மாதங்களில் மழை வந்து கழுவாது. ஆனால் பல நாள் பின்னிரவில் பனி இறங்கி கண்ணாடியை நனைத்து வைக்கும். சும்மா விட்டால் அதுவே தூளைப் பசையாக ஒட்டிவிடும். சூரியன் ஏறுமுன் மெல்லிய துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் பேனல் பளிச். குடிதண்ணீரும் மிச்சம், பத்து நாள் கூலியும் மிச்சம்.