வசனம் எழுதினது ஆர்?



எங்கட மூத்தவாப்பாவுக்கு பாகவதர் என்றால் உயிர். 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், மதராஸ் பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட கதையை அலுக்காமல் சொல்வார். பாட்டெழுதியது பாபநாசம் சிவன் என்பதும் தெரியும். "வசனம் ஆர் எழுதின?" என்று கேட்டால் மட்டும், "அது ஆரோ ஒருத்தன்" என்பார்.

அந்த 'ஆரோ ஒருத்தன்' இளங்கோவன். இயற்பெயர் தணிகாசலம். கலாசாலையில் படிக்கும்போதுதான் எனக்கே இந்தப் பெயர் தெரியவந்தது.

ஆரம்பகாலப் பேசும்படங்களில் பாட்டுத்தான் எல்லாம். இரண்டு பாட்டுக்கு நடுவில் ஏதோ பேசுவார்கள், அவ்வளவுதான். 1937இல் வந்த அம்பிகாபதியில் பேச்சுக்கே ஒரு மதிப்பு வந்தது. இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாது. காதல் காட்சிகளுக்காக ரோமியோ ஜூலியட் நாடகத்தில் சில இடங்களைக் குறித்துக் கொடுத்தார். இளங்கோவன் அதை அப்படியே மொழிபெயர்த்து வைக்கவில்லை. கம்பர் மகனும் சோழ இளவரசியும் பேசினால் எப்படி இருக்குமோ, அந்தத் தமிழில் எழுதினார். அடுத்து 1942இல் கண்ணகி. கண்ணகியாக நடித்த கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. இயக்குநருக்கும் தமிழ் வராத படம் ஒன்று, நாயகிக்குத் தமிழ் தாய்மொழி இல்லாத படம் ஒன்று. அப்போ சனம் கைதட்டின தமிழ் யாருடையது?

வசனத்துக்காகப் படம் பார்க்கும் பழக்கம் 1952இல் பராசக்தியோடு வந்ததென்று நினைப்பவர்கள் இன்னும் பதினைந்து வருடம் பின்னால் போக வேண்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன மாதம் நம்ம ஊர் நிகழ்ச்சி ஒன்றில் ஒரு நாடகம் போட்டோம். எழுதியது பத்தாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி. மூன்று கிழமை, நாலு தரம் திருத்தி எழுதினாள். பதாகையில் அதிதிகள், அனுசரணையாளர், ஒலிபெருக்கி தந்தவர் வரை பெயர் இருந்தது. நடித்த பிள்ளைகளுக்கும் பழக்கிய எனக்கும் நினைவுச் சின்னம். அவளுடைய பெயரை யாரும் வாசிக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை, வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். பிறகு போய்ச் சொன்னபோது, "பரவாயில்ல சேர்" என்றாள். அந்தப் 'பரவாயில்ல' இன்னும் உறுத்துகிறது.

அடுத்த நிகழ்ச்சிக்குப் பதாகை அடிக்கிற சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். ஒலிபெருக்கிக்காரரின் பெயருக்கு மேலே ஒரு வரி இடம் விடுங்கள். என்ன பெயர் போடுவதென்று அவளிடம் கேட்டு நானே எழுதித் தருகிறேன்.