பிரதிபேதமும் கணினிச் சீரெண்ணிக்கையும்

செவ்வியல் பாடல்களை எக்ஸ்.எம்.எல். ஆவணங்களாக்கிப் பி.எச்.பி. நிரலால் அடியும் சீரும் எண்ணும் ஆய்வுகளில், நிரல் தரும் எண் பெரும்பாலும் ஐயுறப்படுவதில்லை. கணினி எண்ணுவதில் தவறாது. எதனை எண்ணுகிறது என்பதே வினா.

உ.வே. சாமிநாதையர் 1937இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பில் 'பி-ம்.' எனச் சுட்டிய பிரதிபேதங்கள், டி.இ.ஐ. குறியீட்டு நெறியில் அடிக்குள்ளேயே இடம்பெற இயலும். கொண்ட பாடமும் பிற பாடமும் ஒரே உறுப்பினுள் அடங்க, ஏனைய சீர்கள் வெற்று உரையாக அதன் இருபுறமும் நிற்கும். இத்தகைய அடியைப் பி.எச்.பி.யின் சிம்பிள்எக்ஸ்எம்எல் கருவிகொண்டு 'ஃபார்ஈச்' சுழற்சியில் வாசித்தால், பிரதிபேத உறுப்பு மட்டுமே கைக்கு வரும். இருபுறமும் உள்ள உரை வாராது. அவ்வடியைச் சரமாக மாற்றினாலோ உரை வரும், உறுப்பினுள் இருக்கும் பாடம் விடுபடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை.

விளைவு சிறிதன்று. மூன்றாம் சீரில் பிரதிபேதமுடைய நாற்சீரடி, சரமாக மாறுகையில் முச்சீரடியாகக் குறைகிறது; அளவடி சிந்தடியாகிறது. பாடலின் இடையடியில் இது நேரின், நேரிசை ஆசிரியப்பா இணைக்குறள் ஆசிரியப்பாவாக வகைப்படுத்தப்படும். பிரதிபேதம் மிகுந்த பாடல்களிலேயே இது மிகுதியும் நிகழும் என்பது கருதத்தக்கது. பதிப்பாசிரியர் உழைப்பு எங்கு மிகுதியோ அங்கேயே யாப்புச் சிதைகிறது. பெயர்வெளியைப் பதிவு செய்யாமல் எக்ஸ்பாத் வினவினால் விடை வெறுமையாக வரும். அப்பிழை உடனே கண்ணுக்குப் புலனாகும். இது புலனாகாது.

எளிமை கருதிச் சிம்பிள்எக்ஸ்எம்எல்லை விரும்புவோர் வாதம் முற்றிலும் புறந்தள்ளத்தக்கதன்று. நூற்பட்டியல், சொல்லடைவு போன்ற ஒழுங்கான தரவுக்கு அது போதும். உரையும் உறுப்பும் விரவிய ஆவணத்துக்கு டாம் முறையே பொருந்தும். அது உரைக்கணுக்களையும் வரிசை பிறழாமல் தரும். பிரதிபேத உறுப்பை எதிர்கொள்ளும்போது கொண்ட பாடத்துள் மட்டும் புகுமாறு நிரலை அமைக்கலாம். தொகை நூல்கள் பலவற்றை ஒருசேரக் கடக்க வேண்டின், முழு ஆவணத்தையும் நினைவகத்தில் ஏற்றாத எக்ஸ்எம்எல்ரீடர் உண்டு.

எப்பதிப்பைப் பயன்படுத்தினார் எனக் கூறாத ஆய்வாளரை மதிப்பீட்டாளர் வினவுவர். எவ்வழியில் ஆவணம் வாசிக்கப்பட்டது, எப்பாடம் எண்ணப்பட்டது என்பனவும் அவ்வாறே வினவப்பெறல் வேண்டும். சீர்தோறும் தனி உறுப்பு அமைத்த ஆவணமாயினும், பிற பாடத்தின் சீரும் சேர்த்து எண்ணப்பட்டதா என்னும் வினா எஞ்சும்.